அந்தப் பந்தியில் ராஜா யாரும் இல்லை

இந்த மாதமும் ஒரு லத்தீன் மாணவர், பண்டைய ரோமானியக் கவிஞன் ஜுவெனலின் ஐந்தாம் அங்கதப் பாட்டை மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார். ‘ரெகிஸ் கொன்வீவா’ வரும் இடத்தில் ‘அரசனின் விருந்தாளி’ என்று போட்டிருக்கிறார். அந்த விருந்தில் அரசனே கிடையாது. விர்ரோ என்ற பணக்காரன் வீட்டுப் பந்தி அது. அவனுக்கு கோர்சிகா கடல் மீன். அவனை அண்டிப் பிழைக்கும் திரெபியுஸுக்குப் பூசணம் பூத்த ரொட்டியும், சாக்கடையில் கொழுத்த டைபர் ஆற்று மீனும். இப்படிச் சோறு போடுகிற ஆளைத்தான் ‘ரெக்ஸ்’ (அரசன்) என்கிறான் கவிஞன். நிஜ ராஜாவாக்கிவிட்டால் கிண்டல் போச்சு.

கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “அடிக்கடி வரும் ஆயிரம் லத்தீன் சொற்களை மனப்பாடம் செய்துவிட்டேனே!” சரி, சீசரின் போர்க் குறிப்புகளுக்கு அது பெரிய உதவி. அங்கதத்துக்கு அதுவே ஆபத்து. தெரியாத சொல் வந்தால் அகராதியைத் திறப்பீர்கள். தெரிந்த சொல்லுக்குத் திறக்கவே மாட்டீர்கள், அங்கேதான் விழுகிறீர்கள். ‘அமீக்குஸ்’ என்றால் நண்பன் என்று படித்திருப்பீர்கள். இங்கே பல இடங்களில் அது புரவலன். ‘ஒஃபிக்கியும்’ கடமைதான், ஆனால் விடியற்காலையில் டோகா என்ற ரோமானிய மேலாடையைச் சுற்றிக்கொண்டு பெரிய மனிதர் வாசலில் போய் நிற்கிற கடமை. ‘ஸ்போர்துலா’ சின்னக் கூடை. முதல் பாட்டில் அது புரவலனிடம் கையில் வாங்கும் காசு: நூறு குவாத்ரான்ஸ் என்ற சில்லறை, அதாவது ஆறேகால் செஸ்டர்ஸ் நாணயம்.

(உடற்பயிற்சிக் கூடப் பலகைகளில் பார்க்கும் ‘மென்ஸ் சானா’, அதாவது ‘நலமான உடலில் நலமான மனம்’ என்ற வரியும் ஜுவெனலுடையதுதான். பத்தாம் பாட்டில், கடவுளிடம் எதையாவது கேட்டே ஆக வேண்டுமென்றால் இதைக் கேள் என்கிறார். தண்டால் எடுக்கச் சொல்லவில்லை.)

எனவே, முதலில் இன்னொரு ரோமானியக் கவிஞரான மார்ஷியலின் குட்டிக் கவிதைகளைப் படியுங்கள். அதே ரோம், அதே காலம், அதே சொற்கள்; ஜுவெனல் டோகா வியர்க்கப் பெரிய வீடுகளுக்கு அலைவதை 12ஆம் நூலில் மார்ஷியலே கேலி செய்கிறார். அகராதியில் முதல் பொருளோடு நிறுத்தாதீர்கள், நான்காவது வரை இறங்குங்கள். பெயர்களைத் தாண்டிப் போகாதீர்கள்: லுகுஸ்தா விஷம் தயாரிப்பதில் பேர்போன பெண் என்று தெரியாமல் விஷம் வைக்கும் வரி எப்படிப் புரியும்? ‘க்ரைகுலுஸ்’ என்பதைக் ‘குட்டிக் கிரேக்கன்’ என்று கொஞ்சலாக எழுதாதீர்கள், அது வசை.

அப்புறம், இன்னொரு ரோமானிய அங்கதக் கவிஞர் பெர்சியுஸ். 27 வயதில் இறந்தவர், விட்டுச் சென்றது ஆறே பாட்டு. சின்னப் புத்தகம்தானே என்று அதிலிருந்து தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஹொரேஸ், ஜுவெனல், பெர்சியுஸ் என்ற மூன்று அங்கதக் கவிஞர்களிலும் கடினமானவர் அவர்தான். மற்ற இருவரும் முடியும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம், தயவுசெய்து.