பல் எடுத்த பள்ளமும் மரத்த உதடும்

நான்கு வயதுக் குழந்தைக்குக் கீழ்க் கடைவாய்ப் பால்பல் சொத்தையாகி, சீழ் வைத்து, கடைசியில் எடுத்தாகிவிட்டது. வீடு திரும்பியதும் எல்லோர் கண்ணும் அந்தப் பள்ளத்தின் மேல்தான் இருக்கும். முதல் சில மணி நேரம் அதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது கீழுதடு.

காரணம் மரப்பு ஊசி. பல் மருத்துவர்கள் பெரும்பாலும் போடுவது 2 சதவீத லிக்னோகெய்ன், கூடவே துளி அட்ரினலின். நரம்பிழைக்குள் சோடியம் அயனிகள் புகுந்தால்தான் வலிச் செய்தி மூளைக்குப் போகும். லிக்னோகெய்ன் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து சீக்கிரம் அடித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்கிறது. கீழ்ப் பல்லுக்கு நரம்பின் தொடக்கத்திலேயே ஊசி போட்டால் பாதி நாக்கும் பாதி உதடும் சேர்ந்தே மரத்துவிடும். பல்லில் மரப்பு சீக்கிரம் தெளியும். உதட்டிலோ 3 மணி நேரம், சில சமயம் 5 மணி நேரம்கூட நிற்கும்.

உணர்ச்சியில்லாத உதடு சின்னக் குழந்தைக்கு ஒரு புதுப் பொருள். கடித்துப் பார்க்கும், உறிஞ்சும், கிள்ளும், வலிக்காததால் நிறுத்தாது. மறுநாள் காலையில் உதடு தடித்து வீங்கி, உள்பக்கம் வெள்ளையும் மஞ்சளுமாகப் படலம் படர்ந்திருக்கும். பார்த்தவுடன் சீழ் என்று பயந்து, கையிலிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். அது சீழ் அல்ல, காயம் ஆறும்போது படியும் ஃபைப்ரின் என்ற புரத வலை. வெளியே வாஸ்லின் தடவி, சுத்தமாக வைத்திருந்தால் 10, 14 நாளில் தானாக ஆறும். சுரண்டக் கூடாது. வீக்கம் கன்னத்துக்குப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் கதை வேறு. இதெல்லாம் நேராமல் தடுக்க ஒரே வழி, மரப்பு தெளியும்வரை மெல்லும் உணவு எதுவும் கொடுக்காமல், ஒருவர் எதிரே உட்கார்ந்து வாயைக் கவனித்துக்கொண்டே இருப்பது. செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனால், அதைப் பார்த்துக்கொண்டே குழந்தை உதட்டை மென்றுவிடும்.

இனி பள்ளம். பல் வெளியே வந்ததும் ரத்தம் அதில் நிறைந்து, தட்டணுக்களும் ஃபைப்ரினும் பின்னிக்கொண்டு உறைகட்டியாகிறது. எலும்பை மூடும் பாதுகாப்பும், புதுத் திசு பிடித்து வளர்வதற்கான சாரக்கட்டும் அதுவே. ஒரு வாரத்துக்குள் உறைகட்டியின் இடத்தைப் புதுத் திசு பிடிக்கிறது. ஈறின் மேல்தோல் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மூடிவிடுகிறது. முதல் 24 மணி நேரம் அந்தக் கட்டியைக் கலைக்காமலிருந்தால் போதும். துப்புவதும் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் வாய்க்குள் இழுவிசையை உண்டாக்கி அதைப் பெயர்த்துவிடும். பால் பாட்டிலும் அப்படித்தான், அன்று டம்ளரிலோ ஸ்பூனிலோ கொடுங்கள்.

ரத்தம் கசிந்தால், காஸ் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தடித்த மடிப்பாகப் பள்ளத்தின் மேல் வைத்து 20 நிமிடம் அழுத்த வேண்டும். கடிக்கத் தெரியாத குழந்தையென்றால் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து நீங்களே அழுத்துங்கள். காய்ந்த துணி கட்டியோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது அதையும் பிடுங்கிவிடும். ‘நின்றுவிட்டதா’ என்று இடையிடையே எடுத்துப் பார்ப்பதும் அதே கேட்டைச் செய்யும். துணி வாயிலிருக்கும்போது தூங்கவிடக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கலாம். அட்ரினலின் வேகம் குறையும்போது குழாய்கள் மறுபடி விரிவதால், இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கொஞ்சம் கசிவது இயல்பு. எச்சிலில் ஒரு துளி ரத்தம் கலந்தாலே தலையணை முழுக்கச் சிவக்கும்; நிறத்தைப் பார்த்து அளவைக் கணக்கிடாதீர்கள்.

மஞ்சள் தூளோ காப்பித் தூளோ பள்ளத்தில் வைக்கவே கூடாது. துகள்கள் உள்ளே தங்கிப் புண்ணாக்கும். கிராம்புத் தைலம் இன்னும் மோசம். அதிலுள்ள யூஜெனால் மென்திசுவைச் சுட்டுவிடும், சின்னக் குழந்தை ஒரு டீஸ்பூன் அளவு விழுங்கினாலே கல்லீரல் வரை பாதிக்கலாம்.

வலி மருந்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம், நாளுக்கு 4 வேளைக்கு மேல் போகக் கூடாது. 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். ஆனால் கடையில் கிடைக்கும் பாட்டில்கள் ஒன்றுபோல் இல்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளது என்றால் சுமார் 3.6 மில்லி. ஒரு மில்லியிலேயே 100 உள்ள சொட்டு மருந்து என்றால் 1.8 மில்லிதான். ‘போன தடவை ஏழரை மில்லி கொடுத்தோம்’ என்ற நினைப்பில் சொட்டு மருந்தை அதே அளவு ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். லேபிளைப் படித்து, அளவு சிரிஞ்சில் எடுங்கள், சமையலறை ஸ்பூன் வேண்டாம். மரப்பு முழுதாகத் தெளியுமுன்பே முதல் வேளையைக் கொடுத்துவிட்டால் வலி ஏறாது. ஆஸ்பிரின் கூடாது: ரத்தம் உறைவதைக் கெடுக்கும், குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரும் ஆபத்தும் உண்டு. நிமசுலைடு என்ற வலி மருந்தை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்க இந்தியாவில் 2011 முதல் தடை. பழைய பாட்டில் அலமாரியில் இருந்தால் எறிந்துவிடுங்கள்.

முழு மயக்கத்தில் சிகிச்சை நடந்திருந்தால், விழித்ததும் சில குழந்தைகள் அரை மணி நேரம்கூட யாரையும் அடையாளம் தெரியாததுபோல் கதறி உதறும். மயக்க மருந்து தெளியும் விதம் அது, மெதுவாக அடங்கும். மூக்கு வழியாகச் சுவாசக் குழாய் விட்டிருந்தால் சிறிது மூக்கில் ரத்தமும் தொண்டை வலியும் இருக்கும். விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டி, பழுப்பாக ஓரிரு முறை வாந்தி வரலாம். முதலில் தண்ணீரோ இளநீரோ மடக்கு மடக்காக. தங்கினால் கஞ்சி, குழைந்த தயிர் சாதம். காரில் திரும்பும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும், தூக்கத்தில் தலை முன்னால் தொங்கினால் மூச்சுவழி மடங்கும்.

மற்ற பற்களை அன்றிரவே மெதுவாகத் துலக்கலாம். முறுக்கு, கடலை, பாப்கார்ன் ஒரு வாரம் வேண்டாம். 20 நிமிடம் இரண்டு முறை அழுத்தியும் நிற்காத ரத்தம், மூன்றாம் நாளுக்குப் பிறகு ஏறும் வலியோ வீக்கமோ, 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எச்சில்கூட விழுங்க முடியாதது: இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். கண்ணை நோக்கியோ தாடைக்கடியிலோ வீக்கம் பரவினால் இரவென்றும் பார்க்காமல் மருத்துவமனைக்கு.

ஆறிய பிறகும் ஒரு கேள்வி மீதியிருக்கும். கடைவாய்ப் பால்பற்கள் இயல்பாக விழுவது 9 முதல் 12 வயதில். 6 வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், முன்னால் இடம் காலியாக இருந்தால் அதில் சாய்ந்துவிடும். கீழே காத்திருக்கும் பல் பிறகு வரிசைக்கு வெளியே முளைக்கும். அதனால்தான் இடத்தைக் காக்கக் கம்பி வளையம் ஒன்றை அங்கே பொருத்துகிறார்கள். ஆறின பள்ளத்தைக் காட்டப் போகும் நாளிலேயே அந்தக் கம்பி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.