‘பழகிடுச்சு’ என்று கயிற்றை அவிழ்க்கும் முன்

மார்கழி மாதத்து விடிகாலை. ஐந்தே முக்கால் இருக்கும், அலைபேசி அடித்தது. “டாக்டரம்மா, பட்டிக்குள்ள நாய் பூந்துட்டு. கொஞ்சம் வெரசா வாங்க.” கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு கரிசல் ஊர். நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு குட்டிகளை வரிசையாகக் கிடத்திச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். ஒன்றையும் நாய் தின்றிருக்கவில்லை. மூன்று தாயாடுகள் சுவரோரம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்று அசைபோடவில்லை. தலையைத் தொங்கப்போட்டு, மூச்சை இழுத்து இழுத்து விட்டது.

“இதுக்கு லேசாத்தான் பல்லு பட்டிருக்கு” என்றார் ஆட்டுக்கார ஆச்சி. முன்னங்காலுக்குப் பின்னால், விலாவோரம் முடியைக் கத்தரித்தேன். உளுந்தம்பருப்பு அளவில் இரண்டே துளைகள். ரத்தம்கூட அதிகம் இல்லை. ஆனால் சுற்றிலும் விரலால் அழுத்தினால் தோலுக்கு அடியில் காற்று நொறுநொறுவென்று நகர்ந்தது. நாய்க்கடியின் கொடுமையே இதுதான். கவ்வி உலுக்கும்போது தோல் இழுபட்டுக் கொடுத்துவிடும், உள்ளே இருக்கும் சதை கொடுக்காது, நைந்துவிடும். வெளியே இரண்டு ஓட்டை, உள்ளே ஒரு கை போகிற அளவு சேதம். மூன்றாம் நாள் அந்த ஆடும் போய்விட்டது.

கடித்தது பக்கத்துத் தோட்டத்து நாய், ‘கன்னி’ என்கிற நாட்டு வேட்டை இனம். இரண்டு வயது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்க்கிற ஒரு தம்பி ஆசை ஆசையாக வளர்த்தது. அவர் பட்டிக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். “எங்க வீட்லயும் ஆடு இருக்கு மேடம். அதுக பக்கத்துலதான் படுத்துக் கெடக்கும். நல்லா பழகிடுச்சு. அதான் ராத்திரி அவுத்து விட்டேன்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த நாய் அவர் வீட்டு ஆடுகளோடு நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருட வேலையில் நான் அதிகம் பயப்படுகிற சொல் ‘பழகிடுச்சு’ என்பதுதான். ஒவ்வொரு முறையும் நல்ல மனிதர்கள், நாயை நேசிக்கிறவர்கள்தான் அதைச் சொல்கிறார்கள்.

ஆட்டையோ கோழியையோ துரத்துகிற நாய்க்குக் கோபம் இல்லை. பெரும்பாலும் பசியும் இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்ட நாயும் துரத்தும். வேட்டை என்பது நாயின் உடம்பில் ஒரு சங்கிலியாக இருக்கிறது: கவனிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கிப் போவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது, தின்பது. ஓநாய்க்கு இந்தக் கண்ணிகள் எல்லாம் சாப்பாட்டில் போய் முடியும். மனிதர்கள் தங்கள் தேவைக்கு ஏற்ப இனப்பெருக்கம் செய்து, ஒவ்வொரு நாயினத்திலும் சில கண்ணிகளைப் பெரிதாக்கினார்கள், சிலவற்றைத் தேய்த்தார்கள். ஆடு மேய்க்கும் இனமான பார்டர் கோலி உற்றுப் பார்க்கும், பதுங்கும், விரட்டும்; கடிப்பதைக் குறைத்து எடுத்துவிட்டார்கள். லாப்ரடார் கவ்விக்கொண்டு வரும். நம் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிற நாய்கள். முயலுக்குப் பின்னால் ஓடத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. நமக்குப் பார்வைப் பரப்பு சுமார் 180 பாகை என்றால், நாய்க்குச் சராசரியாக 240 பாகை. நீண்ட மூக்கு உள்ள நாய்களுக்கு விழித்திரையில் பார்வை நரம்புச் செல்கள் கிடைமட்டப் பட்டையாக நெருங்கி இருக்கும். தூரத்தில், தரையோடு ஒட்டி ஏதாவது அசைந்தால் அதன் கண்ணுக்குத் தப்பாது. உளுந்தங்காட்டின் அந்தப் பக்கம் ஒரு குட்டி துள்ளினால் நமக்கு முன் அதற்குத் தெரிந்துவிடும்.

இதில் வளர்ப்பவர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது, துரத்துவதே நாய்க்குப் பரிசு என்பது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், தின்றாலும் தின்னாவிட்டாலும் அந்த ஓட்டமே அதற்கு இன்பம். ஒரு முறை ருசித்துவிட்டால் மறுமுறை இன்னும் சீக்கிரம் கிளம்பும். “சும்மாதான் வெரட்டுது, கடிக்கல” என்று விட்டுவைக்கிற ஒவ்வொரு நாளும் அதற்குப் பயிற்சி நாள்தான்.

ஆறு குட்டிகளை ஏன் கொன்றது என்று அந்தத் தம்பி திரும்பத் திரும்பக் கேட்டார். காட்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை ஓடி மறைந்துவிடும், வேட்டை அத்தோடு முடிந்தது. பட்டிக்குள் ஓட இடமில்லை. ஒன்றை விட்டவுடன் இன்னொன்று கண்முன்னால் கத்திக்கொண்டு ஓடுகிறது, சங்கிலி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. அந்த நாய்க்கு வெறி பிடிக்கவில்லை, பேயும் பிடிக்கவில்லை. நிறுத்தச் சொல்லும் எதுவும் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் சொந்த வீட்டு ஆட்டை ஏன் விட்டது? அந்த ஆடுகளை அது ‘ஆடு’ என்ற இனமாகப் பழகவில்லை. இன்ன நிறம், இன்ன வாசம், இன்ன இடத்தில் நிற்கிற இந்த நாலு உருப்படி என்றுதான் பழகியது. அதே ஆடுகளில் ஒன்று மிரண்டு ஓடினாலும், இருட்டில் வேறு இடத்தில் நின்றாலும் கணக்கு மாறிவிடும். கூட இன்னொரு நாய் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தனியாக இருக்கும்போது சாதுவாகக் கிடக்கிற நாய், இரண்டு தெருநாய்கள் ஓடத் தொடங்கினால் மூன்றாவதாக ஓடும். நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரம் என்பதும் ஒரு பெரிய மாற்றம். உங்கள் முன்னால் துரத்தாத நாய், உங்கள் முன்னால் துரத்தாது என்பதை மட்டும்தான் கற்றிருக்கிறது.

நாயைப் படிக்கத் தெரிந்தால் பாதி விபத்தைத் தடுக்கலாம். அடுத்த முறை உங்கள் நாய் கோழியைப் பார்க்கும்போது அதன் வாயைக் கவனியுங்கள். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடும். காது முன்னால் வரும். ஒரு முன்னங்கால் தரையிலிருந்து சற்று எழும்பி அப்படியே நிற்கும். வால் ஆடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதுகூடத் திரும்பாது. வாயை மூடுகிற அந்த நொடிதான் உங்களுடையது. அதற்குள் கூப்பிட்டால் திரும்ப வாய்ப்பு இருக்கிறது. ஓடத் தொடங்கிய பிறகு எவ்வளவு கத்தினாலும் பயன் இல்லை. கத்திக்கொண்டு பின்னால் ஓடினால், நீங்களும் வேட்டைக்குக் கூட வருவதாகத்தான் அது நினைக்கும்.

ஊரில் சொல்லும் வைத்தியங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவது, கொன்ற ஆட்டின் முன்னால் நிறுத்தி அடிப்பது, பல்லை ராவுவது. மூன்றையும் செய்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அழுகிய கோழியைச் சுமந்த நாய் அடுத்த வாரம் இன்னொரு கோழியைப் பிடித்தது. அடி வாங்கிய நாய் முதலாளியைக் கண்டு ஒண்டியதே தவிர ஆட்டை விடவில்லை. அடி விழுந்ததற்கும் அது துரத்தியதற்கும் நடுவே நேரம் கடந்துவிட்டதால் இரண்டையும் அதனால் சேர்த்துப் பார்க்க முடியாது. ராவிய பல் சீழ் பிடித்து நாய் சாப்பிட முடியாமல் என்னிடம் வந்தது. ‘கறி போட்டதாலதான் ரத்த ருசி கண்டுருச்சு’ என்பதும் சரியில்லை. பால்சோறு மட்டுமே தின்று வளர்ந்த நாயும் துரத்தும். கருத்தடை செய்தால் ஊர் சுற்றுவது குறையலாம், அது நல்லதுதான். வேட்டைக் குணம் அதனால் போகாது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வேலி. பயிற்சி எல்லாம் அதற்கு அப்புறம்தான். நாய் இருக்கும் இடத்துக்கு ஆறடி உயரக் கம்பிவலை, அடியில் ஓரடியாவது மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். முள்கம்பி வேண்டாம். கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் தோல் காகிதம் மாதிரி. வேகமாக வந்து முள்கம்பியில் மாட்டி, மார்பிலிருந்து தொடை வரை கிழிந்த நாய்களுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். ஆட்டுப் பட்டிக்குத் தனியாக இன்னொரு அடைப்பு வேண்டும். இரண்டு கதவு இருந்தால் ஒன்றை மூட மறந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை பருந்துக்குப் போதும், நாய்க்குப் போதாது. மூக்கால் ஒரே தள்ளில் கவிழ்த்துவிடும். குட்டி போடும் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நஞ்சுக்கொடியை வெளியே எறியாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள். அந்த வாசத்துக்கு உங்கள் நாய் மட்டுமல்ல, ஊர் நாய் அத்தனையும் வரும்.

அடுத்தது கயிறு. இந்த நாய்களுக்குத் தலை கழுத்தைவிடக் குறுகல். சாதாரணக் கழுத்துப்பட்டை பின்னால் இழுத்தால் தலை வழியே நழுவிவிடும். சங்கிலி அறுந்தது என்று சொல்கிற பல கதைகளில் பட்டைதான் நழுவியிருக்கும். அகலமான, இழுத்தால் அளவாக இறுகுகிற பட்டை வாங்குங்கள். பழக்கும்போது பத்து மீட்டர் கயிற்றை ஹார்னஸில் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்) கட்டுங்கள், கழுத்தில் வேண்டாம். முழு வேகத்தில் ஓடிக் கயிற்றின் முனையில் சுண்டி நின்றால் கழுத்து தாங்காது.

பழக்குவதற்கு ஆடுகள் பட்டிக்குள் இருக்கட்டும். நாயைத் தூரத்தில் நிறுத்துங்கள். எவ்வளவு தூரம் என்று மீட்டர் கணக்கு என்னால் சொல்ல முடியாது, உங்கள் நாய்தான் சொல்லும். ஆட்டைப் பார்க்கிறது, ஆனால் நீங்கள் நீட்டும் அவித்த ஈரலையும் வாங்கித் தின்கிறது என்றால் அது சரியான தூரம். ஈரலைத் திரும்பியே பார்க்கவில்லை என்றால் மிக அருகில் வந்துவிட்டீர்கள், பின்னால் போங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டுத் தானாக உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற கணத்தில் கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும், தினமும் இரண்டு தடவை. வாரத்துக்குச் சில எட்டுகள் நெருங்கலாம். ஒரு நாள் குட்டி துள்ளி எல்லாம் கெட்டுப்போகும். அன்று திரும்பத் தூரத்திலிருந்து தொடங்குங்கள், கோபப்படாதீர்கள்.

ஓட வேண்டும் என்கிற ஆசையை அடைத்து வைக்கவும் கூடாது. அது எங்காவது வெடிக்கும். கயிற்று முனையில் பழந்துணியைக் கட்டித் தரையில் இழுத்துத் துரத்த விடுங்கள், பிடித்தபின் கொஞ்சம் இழுத்து விளையாட விடுங்கள், ‘போதும்’ என்று சொல்லித் தீனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடைத்த இடத்தில், தினமும் ஒரே நேரத்தில். இதற்குப் பதிலாக உயிருள்ள கோழியை விட்டுக் குட்டிநாய்க்கு ‘தைரியம்’ ஏற்றுகிறவர்களும், ராத்திரியில் முயலுக்குக் கூட்டிப் போகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். முயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படிப் பழக்கிய நாயை மறுநாள் பட்டிக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டு, ஆட்டைத் தொடாதே என்று சொல்வது அந்த நாய்க்குச் செய்கிற அநியாயம்.

குட்டியாக வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். அந்தச் சமயத்தில் நிதானமான பெரிய ஆடுகளை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தினமும் பார்க்கட்டும். பெரிய ஆடு ஒரு முட்டு முட்டினாலும் பரவாயில்லை, ஆனால் எந்தச் சமயத்திலும் எதையும் துரத்த விடாதீர்கள். இது பின்னாளில் பெரிய உதவி. உத்தரவாதம் இல்லை. பட்டிக் காவலுக்குத்தான் நாய் வேண்டும் என்றால், மந்தையை ஊர் ஊராக ஓட்டிப் போய்க் கிடை போடுகிற கீதாரிகளிடம் ஆட்டோடு பிறந்து வளர்ந்த நாட்டு நாய்க்குட்டி கிடைக்குமா என்று கேளுங்கள். கன்னியின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, அது கன்னியாக இருக்கிறதே என்று வருந்தாதீர்கள்.

ஆட்டைக் கடித்துவிட்டால், உங்கள் நாயோ தெருநாயோ, முதல் வேலை ஓடும் தண்ணீரும் சோப்பும். பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். கையில் கீறல் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். எச்சில் பட்டுவிட்டால் நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காயம் சின்னதுதானே என்று விடாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி ஆட்டுக்கும் உண்டு: கடித்த நாள், பிறகு 3, 7, 14, 28ஆம் நாள்கள். கடித்த நாயைக் கொன்றுவிடாதீர்கள். கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும், மனிதருக்குச் சிகிச்சை தர அந்தத் தகவல் தேவை. சினையாடு கடிபடாமல் வெறும் மிரட்சியிலேயே குட்டி வீசிவிடுவதும் உண்டு, அதனால் பட்டியில் மிச்சம் உள்ளவற்றையும் பாருங்கள்.

அந்தத் தம்பி ஆச்சிக்கு ஏழு உருப்படிக்கும் பணம் கொடுத்தார். நாயை அடித்துக் கொல்லச் சொன்னவர்கள் ஊரில் இருந்தார்கள். “அது நாய் செய்யுற வேலையச் செஞ்சிட்டு. நீ கட்டிப்போட்டிருக்கணும்” என்று ஆச்சி சொன்னதால்தான் அது பிழைத்தது. ஐப்பசியில் தடுப்பூசி போடப் போயிருந்தேன். புதுக் கம்பிவலை, இரண்டு கதவு. கயிற்றோடு நாயை வரப்புக்குக் கூட்டி வந்தார். அந்தப் பக்கம் ஆச்சியின் ஆடுகள் மேய்ந்தன. நாய் வாயை மூடியது. அவர் மெல்லப் பெயரைச் சொன்னார். ஒரு நொடி, இரண்டு நொடி, திரும்பி அவரைப் பார்த்தது. ஈரலைக் கொடுத்துவிட்டு, கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.