கோட்டுக்குள் இருக்கும் காற்று

பனி கொட்டும் காலை. குழந்தைக்கு உள்சட்டை, ஸ்வெட்டர், அதற்கு மேல் பஞ்சு பொதிந்த பெரிய கோட், குல்லா, கையுறை எல்லாம் மாட்டியாகிவிட்டது. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டாமல் விரிந்து நிற்க, அப்படியே தூக்கிக்கொண்டு போய், காரில் பொருத்தியிருக்கும் குழந்தைகளுக்கான கார் சீட்டில் உட்காரவைக்கிறோம். வார்களைத் தோள்மேல் போட்டு, பக்கிளை மாட்டி, இழுத்து இறுக்குகிறோம். தொட்டுப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கிறது. குளிரும் தாக்காது, விபத்து என்றாலும் பயமில்லை என்ற நிம்மதியோடு கதவைச் சாத்துகிறோம்.

ஆனால் அந்த வார் இறுக்கிப் பிடித்திருப்பது கோட்டை. குழந்தையின் உடம்பு அதற்குச் சில சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் காற்று.

குளிர்கால உடை எதுவும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு உடம்பிலிருந்து வருகிறது. உடை அதை வெளியே ஓடிவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தடுப்பு வேலையைச் செய்வது துணியைவிட, துணிக்குள் அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். தண்ணீர் அதைவிட ஏறக்குறைய 24 மடங்கு வேகமாகக் கடத்திவிடும். (நனைந்த கோட் போட்டும் போடாதது போல நடுங்குவது இதனால்தான்.) இறகோ செயற்கைப் பஞ்சோ கோட்டுக்குள் இருப்பதன் நோக்கமே, காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிடித்துவைப்பது. கோட் எவ்வளவு உப்பலாக இருக்கிறதோ அவ்வளவு காற்று, அவ்வளவு கதகதப்பு.

அதே கோட்டைச் சுருட்டி ஒரு சின்னப் பைக்குள் திணித்துப் பாருங்கள். முழுவதும் அடங்கிவிடும். நெஞ்சளவு தடிமன் காட்டிய பொருள் இரண்டு கைப்பிடிக்குள் வந்துவிடுகிறது. காற்று தையல் வழியாகவும் துணியின் இழைகள் வழியாகவும் வெளியேறிவிட்டது. விபத்தின்போது நடப்பதும் இதுதான்; ஆனால் அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு சுமார் 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் ஒரு சுவரில் மோதி, அதன் முன்பகுதி 60 சென்டிமீட்டர் அளவுக்கு நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் முழுவதுமாக நிற்க எடுக்கும் நேரம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நேரத்தில் காரில் இருக்கும் ஒவ்வொன்றின் மேலும் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசை செயல்படுகிறது. 12 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, வார்கள் கிட்டத்தட்ட 190 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமமான விசையைக் கொடுக்க வேண்டும்.

நாம் காலையில் வாரை இழுத்த விசை எவ்வளவு? சில கிலோ இருக்கும். அதற்குமேல் இழுத்தால் குழந்தைக்கு வலிக்கும். அதனால்தான் எவ்வளவு கவனமான பெற்றோராலும் கோட்டுக்குள் இருக்கும் காற்றைக் கையால் முழுவதுமாகப் பிழிந்து எடுத்துவிட முடியாது. கை விசைக்கு வளைந்து கொடுக்காத பஞ்சு, விபத்தின் விசைக்கு ஒன்றுமில்லாமல் தட்டையாகிவிடுகிறது.

சரி, சில சென்டிமீட்டர் தளர்வுதானே, அதனால் என்ன ஆகிவிடும்? இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. வார் உடம்போடு ஒட்டி இருந்தால், கார் வேகம் குறையத் தொடங்கும் அதே நொடியில் குழந்தையின் வேகமும் குறையத் தொடங்கும். காரின் முன்பகுதி நசுங்குகிற அந்த 60 சென்டிமீட்டர் முழுவதும் குழந்தைக்கும் கிடைக்கிறது. தளர்வு இருந்தால் கதை வேறு. காரின் வேகம் குறைந்துகொண்டிருக்கிறது, குழந்தையோ பழைய வேகத்திலேயே முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. 8 சென்டிமீட்டர் தளர்வு என்று வைத்தால், அது தீர்ந்து வார் குழந்தையைப் பிடிக்கும்போது இரண்டுக்கும் இடையிலான வேக வித்தியாசம் மணிக்கு 18 கிலோமீட்டர் ஆகியிருக்கும். ஏறக்குறைய 1.3 மீட்டர் உயரத்திலிருந்து வாரின்மேல் நெஞ்சு அடிபட விழுவதற்குச் சமம் அது. பாதி தளர்வு, அதாவது 4 சென்டிமீட்டர் என்றாலும் மணிக்கு 13 கிலோமீட்டர்.

இது போதாதென்று இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. உடம்பு கூடுதலாக முன்னால் வந்தால் தலையும் கூடுதலாக வரும். முன் சீட்டின் முதுகு அவ்வளவு தூரத்தில் இல்லை. அதைவிட மோசமானது, தோள் வார் நழுவிவிடுவது. கார் சுழன்றாலோ உருண்டாலோ, தளர்ந்த வாரிலிருந்து சின்னத் தோள்கள் வெளியே வந்துவிடலாம். பின்னோக்கி உட்காரவைத்த குழந்தைக்கு இந்தக் கவலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நேருக்கு நேர் மோதலில் சீட்டின் முதுகுதான் அவர்களைத் தாங்குகிறது என்பது உண்மை. ஆனால் வார் தளர்வாக இருந்தால் குழந்தை அந்தச் சாய்வின் மேலேயே தலைப்பக்கமாக வழுக்கி ஏறும். பக்கவாட்டில் மோதினாலும், மோதியபின் எதிர்த்திசையில் தூக்கி அடித்தாலும் பிடித்துவைப்பது வார்தான்.

இறுக்கமான வார் எவ்வளவு பெரிய விசையிலிருந்து மனிதனைக் காப்பாற்றும் என்பதை ஒருவர் தன் உடம்பிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். அமெரிக்க விமானப்படை மருத்துவரான ஜான் ஸ்டாப், 1954 டிசம்பர் 10 அன்று, நியூ மெக்ஸிகோவின் ஹாலமன் விமானத் தளத்தில் ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் தன்னைக் கட்டிக்கொண்டு மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் போனார். வண்டி 1.4 வினாடியில் நின்றது. உச்சத்தில் அவர் தாங்கியது புவியீர்ப்பைப் போல 46 மடங்கு. கண்களில் ரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வை போனது. ஆனால் பிழைத்தார், 89 வயது வரை வாழ்ந்தார். உடம்போடு ஒன்றாகப் பிணைத்திருந்த வார்கள் அந்தச் சோதனைக்கு உயிர்நாடி. அந்த வகை ஆராய்ச்சிகளின் வாரிசுதான் இன்று நம் குழந்தையின் தோளிலும் இடுப்பிலும் கால்களுக்கு நடுவிலும் வருகிற ஐந்து முனை வார்.

உங்கள் வீட்டுக் கோட் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் எதுவும் வேண்டாம். குழந்தைக்குக் கோட்டைப் போட்டு, சீட்டில் உட்காரவைத்து, வழக்கம்போல வாரை இறுக்குங்கள். பிறகு வாரைத் தளர்த்தாமல் பக்கிளை மட்டும் கழற்றிக் குழந்தையை வெளியே எடுங்கள். கோட்டைக் கழற்றிவிட்டு, அதே அளவிலேயே திரும்ப மாட்டிப் பாருங்கள். தோளெலும்பின் அருகே வாரை நீளவாக்கில் இரண்டு விரலால் கிள்ளுங்கள். கிள்ளினால் மடிப்பு கையில் அகப்படக் கூடாது. விரல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நான் என் மகளிடம் இதைச் செய்து பார்த்தபோது வாருக்கும் அவள் நெஞ்சுக்கும் நடுவில் என் முழங்கையே தாராளமாக நுழைந்தது. அத்தனை நாளும் அவளை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்ற நினைப்பு அன்று இரவு முழுவதும் என்னை விடவில்லை.

மெல்லிய, உடம்போடு ஒட்டும் ஃப்ளீஸ் (மிருதுவான செயற்கைக் கம்பளித் துணி) மேலுடைகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும். உப்பலான கோட்டும் பனியில் விளையாடும் முழு உடையும் தேறுவதில்லை.

அதற்காகக் குழந்தையைக் குளிரில் விட்டுவிட முடியுமா? முடியாது, அவர்களுடைய குளிர் நம் குளிர் இல்லை. உடம்பின் எடைக்குத்தான் சூடு உற்பத்தியாகிறது, தோலின் பரப்பு வழியாகத்தான் அது போகிறது. பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் இருக்கும் தோல் பரப்பு, வளர்ந்தவர்களுக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் தலை மட்டுமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நாம் குளிர்ந்தால் தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். கைக்குழந்தைக்கு அந்த நடுக்கம் சரியாக வராது. அதற்குப் பதிலாகத் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் சிறுநீரகங்களின் அருகிலும் பழுப்புக் கொழுப்பு என்ற ஒரு வகைக் கொழுப்பு இருக்கிறது. சாதாரணக் கொழுப்பு சேமிப்புக் கிடங்கு என்றால் இது அடுப்பு. எரிந்து நேரடியாகச் சூட்டைக் கொடுக்கிறது. ஆனால் அந்த அடுப்பு எரிய சத்தும் ஆக்சிஜனும் செலவாகும்.

ஆகவே காற்று வேண்டும். அது இருக்கும் இடம் மட்டும் மாற வேண்டும். வாருக்குக் கீழே இருக்கும் காற்றை வாருக்கு மேலே கொண்டுவந்துவிட்டால் இரண்டும் கிடைத்துவிடும்.

வாருக்குக் கீழே உடம்பை ஒட்டிய மெல்லிய அடுக்குகள்: உள்சட்டை, காலை ஒட்டிய கால்சட்டை, ஃப்ளீஸ் மேலுடை, கம்பளிக் காலுறை, குல்லா. மெல்லிய அடுக்குகளுக்கு இடையிலும் காற்று நிற்கும், ஆனால் நசுங்குவதற்கு அதிகம் இருக்காது. வாரை மாட்டி, கிள்ளிப் பார்த்து முடித்த பிறகு, மேலே போர்வையைப் போர்த்தலாம். அல்லது அதே பெரிய கோட்டைத் திருப்பி, முன்பக்கமிருந்து கைகளை மட்டும் நுழைத்து, முதுகுப் பக்கம் திறந்தபடி போட்டுவிடலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கோட்டின் முழுக் கதகதப்பும் கிடைக்கும். சூடு கூடினால் கொஞ்சம் வளர்ந்த குழந்தை தானே தள்ளிவிடும். சின்னக் குழந்தைக்குப் போர்வை முகத்தின் பக்கம் ஏறாமல் நெஞ்சளவில் செருகி இருக்க வேண்டும்.

கடைகளில் கார் சீட்டுக்கென்றே பஞ்சுப் பைகள் விற்கிறார்கள். சீட்டின் மேல் விரித்து, வாரை ஓட்டைகள் வழியாக இழுத்து, அதற்குள் குழந்தையை உட்காரவைக்கும் வகை. அப்படியென்றால் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பஞ்சு அடுக்கு இருக்கிறது. கோட் செய்யும் அதே வேலையைத்தான் அதுவும் செய்யும். உங்கள் சீட்டைத் தயாரித்தவர்களே அந்தச் சீட்டோடு சேர்த்துச் சோதித்துக் கொடுத்தால் ஒழிய, அதைத் தவிர்ப்பது நல்லது. சீட்டின் விளிம்பைச் சுற்றி மட்டும் எலாஸ்டிக்கால் மாட்டும் உறையில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் குழந்தைக்கும் சீட்டுக்கும் நடுவில், குழந்தைக்கும் வாருக்கும் நடுவில் எதுவும் வராது. முகம் மட்டும் திறந்திருக்க வேண்டும்.

கைக்குழந்தை விஷயத்தில் முதுகுக்குப் பின்னால் எதையும் வைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தலை கனமானது, கழுத்தில் வலு இல்லை. பின்னாலிருந்து ஏதாவது தள்ளினால் தாடை நெஞ்சில் போய் விழும். மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கி அடைபடலாம். சத்தமே வராது. தாடைக்குக் கீழே எப்போதும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிரைப் பற்றிய கவலையில் மறந்துபோவது, அதிகச் சூடு. ஹீட்டர் ஓடும் காரில் கால் மணி நேரத்தில் நாம் கோட்டைத் திறந்துவிடுவோம். கைக்குழந்தையால் முடியாது. மிகை வெப்பம் கைக்குழந்தைகளின் திடீர் மரண அபாயத்தோடு தொடர்புடையது என்பது மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவரும் எச்சரிக்கை. கார் சூடானதும் குல்லாவையும் போர்வையையும் எடுத்துவிடுங்கள். குழந்தைக்குக் குளிருகிறதா என்று கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். குளிரில் உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து நடுப்பகுதியைக் காப்பாற்றும், அதனால் அவை சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் குறையுங்கள்.

முன்கூட்டியே காரைச் சூடாக்கி வைப்பது நல்ல யோசனை. தூக்கிச் செல்லும் வகைச் சீட்டாக இருந்தால் அதை இரவில் வீட்டுக்குள் வைப்பது இன்னும் எளிது. ஆனால் மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. வெளியே நிற்கும் காரிலும், சைலன்சர் முனை பனியில் புதைந்திருந்தால் புகை உள்ளே திரும்பும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் பனியைச் சுரண்டும் முன், முதலில் சைலன்சரைச் சுற்றிப் பனியை அகற்றுங்கள். அதுவரை குழந்தை உள்ளே உட்கார வேண்டாம்.

பூஸ்டரில் (கார் பெல்ட் சரியாகப் படிய உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கையில்) உட்காரும் பெரிய பிள்ளைகளுக்கும் நமக்கும் கூட இந்தக் கணக்கு பொருந்தும். மடி பெல்ட் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். அந்த எலும்பு தாங்கும். தடித்த கோட்டின் மேல் போட்டால் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடுகிறது. அங்கே எலும்பு இல்லை, குடலும் கல்லீரலும்தான் இருக்கின்றன. கோட்டின் முன்பக்கத்தைத் திறந்து, பெல்ட்டை அதற்குக் கீழே, இடுப்போடு ஒட்டி மாட்டினால் போதும்.

போய்ச் சேர்ந்ததும் பக்கிளைக் கழற்றும் முன் கதவைச் சாத்தியே வைத்திருங்கள். குழந்தையின் மேல் திருப்பிப் போட்டிருந்த கோட், வழி முழுவதும் அதன் உடம்புச் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். வாரை எடுத்துவிட்டு, அதே கோட்டை அங்கேயே நேராகத் திருப்பி மாட்டி, பிறகு வெளியே தூக்குங்கள்.