ஏவுகம்பியை விட்டு விலகும் கணம்

மாதிரி ராக்கெட் நேராகப் பறக்குமா, புரண்டு விழுமா என்பது உச்சிவானத்தில் முடிவாவதில்லை. தரைக்கு ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில், ராக்கெட்டை நிறுத்திப் பிடித்திருக்கும் ஏவுகம்பியை விட்டு விலகும் கணத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நடுத்தர ஆற்றல் ராக்கெட் பெட்டியை வாங்கி, குழாயையும் துடுப்புகளையும் பாராசூட்டையும் மேசையில் பரப்பி வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கம்பியில் இருக்கும்வரை கம்பி வழிநடத்தும். விலகியபின் துடுப்புகளே துணை. துடுப்புகள் வேலை செய்யவோ அவற்றின்மீது காற்று வேகமாகப் பாய வேண்டும். கம்பியின் முனையைத் தாண்டும்போது விநாடிக்குச் சுமார் 13 மீட்டர் வேகம் இருந்தால் நல்லது.

ராக்கெட்டின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி ஈர்ப்பு மையம். பக்கவாட்டில் காற்று தள்ளும் விசை குவியும் புள்ளி அழுத்த மையம். பறக்கும் ராக்கெட் ஈர்ப்பு மையத்தைச் சுற்றியே திரும்பும். அழுத்த மையம் அதற்குப் பின்னால் இருந்தால், மூக்கு சற்றுச் சாய்ந்ததுமே காற்று வாலைத் தள்ளி நேராக்கிவிடும். முன்னால் இருந்தால் அதே காற்று சாய்வைக் கூட்டும். ராக்கெட் கரணம் அடிக்கும். இரண்டு மையங்களுக்கும் இடையே குழாயின் விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும்.

எஞ்சின் இல்லாத ராக்கெட்டை விரல்மேல் நிறுத்தி ஈர்ப்பு மையத்தைக் குறித்தால் கணக்கு தப்பும். எரிபொருள் நிறைந்த எஞ்சின் வாலில் உட்கார்ந்ததும் மையம் பின்னுக்கு நகரும். எரியத் தொடங்கியபின் வால் லேசாகி, மையம் மெல்ல முன்னேறும். ஆக, புறப்படும்போதுதான் வேகமும் குறைவு, வாலும் கனம். அதனால்தான் எஞ்சினைப் பொருத்திய நிலையிலேயே ஈர்ப்பு மையத்தைச் சரிபார்க்க வேண்டும். தேவைப்பட்டால் மூக்குக்குள் களிமண் வைத்துக் கனம் கூட்டலாம்.

எஞ்சினின் மேல் ‘எஃப் 15-6’ என்று அச்சிட்டிருக்கும். எழுத்து மொத்த உந்தலைக் குறிக்கிறது: ஈ என்றால் 20 முதல் 40 நியூட்டன் விநாடி, எஃப் 40 முதல் 80, ஜி 80 முதல் 160. நடுத்தர ஆற்றல் என்பது இந்த மூன்றும்தான். 15 என்பது நியூட்டன் அளவில் சராசரி உந்துவிசை. உந்துவிசை எடையைப்போல் ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்ற பொதுவிதிப்படி, அது சுமார் 300 கிராம் ராக்கெட்டுக்கே போதும். வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூச விரும்புகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. கடைசி 6, எரிபொருள் தீர்ந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும் சிறு வெடிப்புவரை கழியும் விநாடிகள். அந்த நேரத்தில் ராக்கெட் தன் வேகத்திலேயே மேலேறி உச்சியைத் தொடும். இந்த எண் அதிகமாகிவிட்டால் ராக்கெட் தலைகீழாகப் பாயும்போது பாராசூட் விரிந்து கிழியும்.

கோலாலம்பூரில் ஈரக்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அட்டைக்குழாயும் பால்சா என்னும் லேசான மரமும் ஈரத்தை உறிஞ்சி உப்பும். முதல்நாள் மாலை வழுக்கி இறங்கிய, மூக்காக அமையும் மரக்கூம்பு, இரவு மழைக்குப்பின் குழாயின் வாயில் இறுகிக்கொள்ளும். அப்படி இறுகினால் அந்தச் சிறு வெடிப்பு கூம்பைத் தள்ளாமல் எஞ்சினையே பின்பக்கம் பிடுங்கி எறியலாம். கூம்பின் கழுத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ராக்கெட்டைத் தலைகீழாகக் குலுக்கிப் பாருங்கள். கூம்பு தானாக விழக் கூடாது, விரலால் இழுத்தால் தடையின்றி வர வேண்டும். பிளாஸ்டிக் பாராசூட்டின் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளாதிருக்கக் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைத் தூவுவது நல்ல பழக்கம். பிற்பகல் இடிமழைக்கு முன் வீசும் காற்று, மெதுவாகக் கம்பியை விட்டு வரும் ராக்கெட்டைச் சாய்த்துவிடும் என்பதால், காலை நேரமே சிறந்தது.

இடம் கிடைப்பது கடினம். இந்த வகைக்குச் சுமார் 300 மீட்டர் அகலமுள்ள வெட்டவெளி தேவை. மரங்களும் ஏரியும் மக்கள் கூட்டமும் உள்ள தித்திவங்சா ஏரிப் பூங்கா இதற்கு ஏற்றதன்று. நகருக்குப் பக்கத்தில் சுபாங் விமான நிலையம் இருக்கும்போது வான்வெளி அனுமதியையும் யோசிக்க வேண்டும். எஞ்சினுக்குள் இருப்பதோ வெடிமருந்து. 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் நடப்பில் உள்ள நாட்டில், இணையத்தில் விருப்பம்போல் வரவழைக்கும் பொருள் அல்ல அது. அனுமதி கிடைக்கும்வரை, ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ராக்கெட்டை வரைந்து இரண்டு மையங்களையும் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுடன் சேர்ந்து ஒன்றரை லிட்டர் புட்டியில் தண்ணீர் ராக்கெட் செய்வதும் நல்ல தொடக்கம். அதன் மூக்கில் களிமண்ணோடு ஒருமுறையும் களிமண் இல்லாமல் ஒருமுறையும் ஏவி, இரண்டும் எப்படிப் பறக்கின்றன என்று அவர்களையே கவனிக்கச் சொல்லுங்கள்.