தூக்கிக் கட்டிய ஜீப்பில் கிராஸ் அடிக்கடி போகிறதா? கோணத்தைப் பாருங்கள்

இரண்டு இஞ்ச் லிஃப்ட் கிட், பெரிய டயர் போட்ட வண்டி. மூன்றே மாதத்தில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் போய்விடுகிறது. (கியர் பாக்ஸிலிருந்து சக்கர அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய்தான் ஷாஃப்ட். அதன் முனையில் மடங்கியபடி சுற்ற உதவும் கூட்டல் குறி வடிவ இணைப்புதான் கிராஸ்.) புதிது போட்டால் அடுத்த மூன்று மாதத்தில் அதே இடத்தில் அதே சத்தம். உடனே "சாமான் டூப்ளிகேட்" என்று சென்னையில் வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் அலைகிறார்கள். மூன்றாவது கிராஸும் போன பிறகுதான் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று யாராவது கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை லிஃப்ட் மாட்டிய அன்றே கேட்டிருக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பெரிய டயர் போட்டதால் கோணம் மாறிவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மாறாது. டயர் பெரிதானால் ஹவுசிங் (சக்கர அச்சு இருக்கும் இரும்புக் கூடு), சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எல்லாம் சேர்ந்தே மேலே போகின்றன. சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே புஷ் வைத்துத் தூக்கும் பாடி லிஃப்டிலும் மாறாது. ஹவுசிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே உயரம் கூட்டினால்தான் மாறும். ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது, பட்டை முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போடுவது, காயிலுக்கு ஸ்பேசர், பட்டையை ஹவுசிங்குக்கு மேலே ஏற்றிக் கட்டுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கியர் பாக்ஸ் சேஸிஸோடு மேலே போகிறது, ஹவுசிங் கீழேயே நிற்கிறது, நடுவில் ஷாஃப்ட் சரிகிறது.

எவ்வளவு சரியும் என்பதற்குக் கணக்கு உண்டு. 40 இஞ்ச் நீளமுள்ள ஷாஃப்ட்டில் 2 இஞ்ச் தூக்கினால் 3 டிகிரி கூடும். 24 இஞ்ச் ஷாஃப்ட்டில் அதே 2 இஞ்ச் கிட்டத்தட்ட 5 டிகிரி கூட்டிவிடும். கட்டையான வண்டியில் ஷாஃப்ட்டும் கட்டை, அதனால்தான் ஜிப்ஸியும் ஜீப்பும் முதலில் அடி வாங்குகின்றன. 30 இஞ்ச் டயர், கிரவுன் ரேஷியோ 4 (ஷாஃப்ட் நான்கு முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை) என்று வையுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2800 சுற்று சுற்றும். அந்தச் சுற்றில் ஒரு கிராஸ் தாங்குவது ஏறக்குறைய 6 டிகிரி. ஏற்கெனவே 3 டிகிரியில் நின்ற ஷாஃப்ட்டில் 5 கூடினால் 8. அதைத் தாங்கும் கிராஸ் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அடுத்தது அதிர்வு. "வீல் பேலன்ஸ் நாலு தடவை பண்ணியாச்சு, போகல" என்பார்கள். மேலே சொன்ன அதே வண்டியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 7 முறை சுற்றும், ஷாஃப்ட் 28 முறை. டயர் கோளாறு ஸ்டீயரிங்கில் மெதுவான ஆட்டமாகத் தெரியும். ஷாஃப்ட் பேலன்ஸ் போனால் சீட்டுக்கு அடியில் ரீங்காரமாக வரும். கோணம் தப்பினால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு, அதாவது நொடிக்கு 56, பாதத்தில் மின்விசிறி ஓடுவது மாதிரி இருக்கும்.

மெதுவாகப் போகும்போது கீச் கீச் என்று குருவிச் சத்தம் வந்தால், கிராஸின் ஒவ்வொரு காலையும் மூடி, உள்ளே ஊசி பேரிங் வைத்திருக்கும் கப்புக்குள் கிரீஸ் தீர்ந்துவிட்டது. கிளட்ச் விடும்போதும் ரிவர்ஸ் மாற்றும்போதும் 'டக்' என்று விழுந்தால் ஆட்டம் வந்துவிட்டது. கப்பின் விளிம்பில் செங்கல் பொடி மாதிரி துரு தெரிந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. கழற்றிப் பாருங்கள். நல்ல கிராஸின் கால் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். போன கிராஸில் ஊசிகள் அழுந்தி, சீப்புப் பல் மாதிரி வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினாலே தட்டும். சில கிராஸில், கழற்றும் முன் கையால் ஆட்டிப் பார்த்தால் ஆட்டமே இருக்காது, ஆனால் ஷாஃப்ட்டை இறக்கி ஜாயிண்ட்டை மடக்கினால் நடுவில் சிக்கும். இதுவும் போனதுதான்.

கோணம் அளக்க, காந்தம் ஒட்டும் டிஜிட்டல் கேஜ் போதும். வண்டி சமதரையில் தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. மூன்று இடம்: ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்ச், அதாவது ஷாஃப்ட் போல்ட்டாகும் தட்டு; ஷாஃப்ட் குழாய்; பினியன் (ஹவுசிங்கில் ஷாஃப்ட் வந்து சேரும் கியர்) ஃபிளாஞ்ச். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின்பக்கம் 3 டிகிரி சரிவு, குழாய் 9, பினியன் 0 என்றால், முன் ஜாயிண்ட் 6, பின் ஜாயிண்ட் 9. இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்கு மேல் போகவே கூடாது. பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே 3 டிகிரி ஆப்பு வைத்து பினியன் மூக்கைத் தூக்கினால் இரண்டும் 6 ஆகும். ஆப்பைத் திருப்பி வைத்துவிட்டால் பின் ஜாயிண்ட் 12 ஆகிவிடும். இந்தத் தவறு நிறைய வண்டிகளில் நடக்கிறது. யூ போல்ட் முறுக்கியதும் மறுபடி அளந்தே ஆக வேண்டும். ஆப்பு இரும்பாக இருக்கட்டும், அலுமினியம் நசுங்கி உடையும். ஒரே முனையில் இரண்டு கிராஸ் சேர்ந்திருக்கும் இரட்டை ஜாயிண்ட் ஷாஃப்ட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் பினியன் ட்ரான்ஸ்ஃபர் கேஸை நோக்கி நிற்க வேண்டும்.

கழற்றும் முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். பின் ஷாஃப்ட் இறங்கிவிட்டால் கியரில் போட்டு வைத்தாலும் வண்டி உருளும். பழைய வில்லிஸ் ஜீப்பில் ஹேண்ட்பிரேக் டிரம்மே ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் இருப்பதால் அதுவும் பிடிக்காது. ஃபிளாஞ்ச், யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை), ஸ்லிப் (ஷாஃப்ட் நீண்டு சுருங்கச் சறுக்கும் பல் வைத்த பகுதி) மூன்றிலும் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லிப்பை உருவி மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் இரண்டு முனை யோக்கும் ஒரே நேரில் நிற்காது. பிறகு எத்தனை கிராஸ் போட்டாலும் அதிர்வு போகாது.

கப்பைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள், தயவுசெய்து. வைஸில் வைத்து, சாக்கெட் கொடுத்து அழுத்துங்கள். கப்பைப் பிடித்து வைக்கும் வளையமான சர்க்கிளிப் பள்ளத்தில் உட்கார மறுத்தால், உள்ளே ஒரு ஊசி சாய்ந்து கப்பின் அடியில் கிடக்கிறது என்று அர்த்தம். தட்டி உட்கார வைக்காமல் கழற்றிப் பாருங்கள். கிரீஸ் நான்கு கப்பிலும் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். சர்க்கிளிப், லாக் நட் எல்லாம் புதிதுதான். குழாயில் வெல்ட் செய்திருக்கும் சின்னத் தகடுகள் பேலன்ஸுக்காக வைத்தவை, அழகு பார்த்து வெட்டி எறியாதீர்கள். லேத்தில் குழாயை வெட்டி நீட்டினால் பேலன்ஸ் மெஷினில் ஏற்றாமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

மஹிந்திரா தார் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அதன் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், கிராஸுக்குப் பதில் ரப்பர் உறை (பூட்) போட்ட சிவி ஜாயிண்ட். தூக்கினால் பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் அன்றே பூட் மாற்றுங்கள். திருப்பத்தில் 'டக் டக்' கேட்க ஆரம்பித்த பிறகு பூட் மாற்றிப் பயனில்லை, ஷாஃப்ட்டே மாற்ற வேண்டும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று, மழை வந்தால் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு மணல். இப்படி ஓடும் வண்டிக்கு கிரீஸ் அடிக்க 5000 கிலோமீட்டர் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். தண்ணீரில் இறங்கிய அன்றே அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, பழைய கிரீஸ் வெளியேறும்வரை புதிது அடியுங்கள்.

வண்டி அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 என்ன சொல்கிறது என்பதையும், இன்சூரன்ஸ் விதிகளையும் லிஃப்ட்டுக்குப் பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, முன் முனையில் ஷாஃப்ட் கழன்றால் அது தரையில் குத்தி வண்டியையே தூக்கிப் போடும். எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னால் கன்டெய்னர் லாரி வரும். ஷாஃப்ட்டின் முன் முனையைச் சுற்றி சேஸிஸில் ஒரு இரும்பு வளையம் போட்டுக்கொள்ளுங்கள். லிஃப்ட் மாட்டும் இடத்தில், மாட்டுவதற்கு முன்னும் மாட்டிய பின்னும் எடுத்த மூன்று கோண அளவுகளையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வண்டியை அங்கே விடாதீர்கள்.