ரன்னிங் எக்கானமி: ஓட்டச் சிக்கனம்

ஓர் ஓட்டக்காரருக்கு ‘எக்கானமி நல்லா இருக்கு’ என்றால், குறைந்த ஆக்சிஜனில் அதே வேகத்தில் ஓடுகிறார் என்று அர்த்தம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டர் ஓட எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது என்று அளப்பார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் இது 200-ஐ ஒட்டி இருக்கும். குறையக் குறைய நல்லது.

‘எக்கானமி’ என்ற சொல்லின் மூலம் கிரேக்கம். ‘ஓய்கோஸ்’ என்றால் வீடு. ‘ஓய்கோனோமியா’ வீட்டு நிர்வாகம். நாட்டின் வரவுசெலவு என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. ஆகவே ‘ஓட்டப் பொருளாதாரம்’ என்று எழுதுவது தவறு. ‘ஓட்டச் சிக்கனம்’ என்பதே சரி. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. கஞ்சத்தனத்தில் தேவைக்கே வெட்டு விழும். சிக்கனத்தில் வீண்செலவு மட்டும் குறையும். இங்கேயும் வேகம் குறைவதில்லை, செலவுதான் குறைகிறது.

இதையும் எஃபிஷியன்சியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதைத் ‘திறன்’ என்று மட்டும் எழுதினாலும் சிக்கல், நம் பாடநூல்களில் திறன் என்பது வாட்டில் அளக்கும் பவர். ‘பயனுறுதிறன்’ என்றால் தெளிவு: செலவழித்த ஆற்றலில் எவ்வளவு வேலையாக மாறியது என்ற விகிதம். சைக்கிளில் இதை நேராக அளக்கலாம். சேலத்தில் கோரிமேடு தாண்டி, அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏறுபவர் பெடலில் 200 வாட் கொடுத்தால், உடல் சுமார் 900 வாட் செலவழிக்கிறது. மிச்சமெல்லாம் சூடு. ஏற்றத்தில் வேகம் குறைவு, முகத்தில் படும் காற்றும் குறைவு. அதனால்தான் வியர்வை அப்படிக் கொட்டுகிறது.

ஓட்டத்தில் இந்தக் கணக்கு எளிதில் பிடிபடாது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண், கால் ஊன்றும்போது இழுபட்டு ஆற்றலைச் சேமித்து, உந்தும்போது திருப்பித் தருகிறது. தசை செய்த வேலை எது, தசைநாண் தந்தது எது என்று பிரிப்பது கடினம். ஆகவே ஆக்சிஜன் செலவையே அளந்து, சிக்கனம் என்கிறோம்.

இதன் மதிப்பைக் காட்ட பிரிட்டன் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் ஒருவர் போதும். 1992 முதல் 2003 வரை அவருடைய அதிகபட்ச ஆக்சிஜன் உள்வாங்கல் பெரிதாக மாறவில்லை. ஓட்டச் சிக்கனம் சுமார் 15 சதவீதம் மேம்பட்டது. 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் முடித்தார்.

டிரையத்லானில் சோதனை இன்னும் கடுமை. ஒலிம்பிக் தூரத்தில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம்தான் 10 கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிளை விட்டு இறங்கியதும், களைத்த காலுக்கு அதே வேகம் கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். இங்கே உண்மையில் பயிற்சி தர வேண்டியது, களைப்பிலும் குலையாத சிக்கனத்துக்கு. சைக்கிள் முடித்த கையோடு ஓடிப் பழகுவது அதற்காகத்தான்.

ஏற்காட்டுக்கு ஓடப் போகிறவர்கள், உயரத்தால் ரத்தத்தில் சிவப்பணு கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரம்தான். உயரப் பயிற்சிக்குப் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேல் போவார்கள். ஆனால் அந்த ஏற்றம் காலுக்கு வலு கொடுக்கும், வலுப் பயிற்சி ஓட்டச் சிக்கனத்தை உயர்த்தும்.