பாட்டியின் பாதங்களும் பிள்ளையின் மூளையும்

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதி வீடுகளில், பாட்டிமார் கால்களை நீட்டி உட்கார்ந்து, கைக்குழந்தையைத் தம் பாதங்களின்மேல் இருத்தி, "ஸ்ஸ்..." என்று ஓசை எழுப்ப, சற்று நேரத்தில் குழந்தை சிறுநீர் கழித்துவிடுவதை இன்றும் காணலாம். "ஆறு மாதத்திலேயே பிள்ளை பழகிவிட்டது" என்று அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் பழகியது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சிறுநீர்ப்பை நிறைந்து அதன் சுவர் விரிந்ததும், அந்தச் செய்தி தண்டுவடம் வழியே மூளைத்தண்டை எட்டுகிறது. உடனே பை சுருங்க, வாயிலைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை தளர்கிறது. இதைத் தடுத்து நிறுத்தும் திறன் கைக்குழந்தையின் பெருமூளைக்கு இன்னும் வாய்க்கவில்லை. பால் குடித்ததும் இரைப்பை விரிந்து பெருங்குடலின் அசைவைத் தூண்டுவதும் இத்தகைய அனிச்சைச் செயலே. பாட்டி அந்த நேரத்தைக் கணித்து, நாள்தோறும் ஒரே ஓசையை அதனுடன் இணைக்கிறார். உணவுக்கு முன் கேட்டுப் பழகிய ஓசைக்கே ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் சோதனை நாய்களுக்கு உமிழ்நீர் ஊறியதும் இப்படித்தான்.

அடக்கி வைத்திருந்து, வேண்டிய இடத்தில் விடுவது வேறு திறன். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் அது கைகூடுகிறது. வயதுடன் 1-ஐக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் சிறுநீர்ப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ மில்லிலிட்டரில் கிடைக்கும்; இரண்டு வயதில் அது 90 மில்லிலிட்டர், அதாவது கடையில் தரும் சிறிய தேநீர்க் கிளாஸ் அளவுதான். துணி இரண்டு மணி நேரம் நனையாதிருப்பதும், ஆய் வரும்போது பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் முகம் சிவக்க நிற்பதும் தயார்நிலையின் அடையாளங்கள். அந்தத் தயார்நிலைக்குக் காத்திருந்து பழக்கிய 1,170 குழந்தைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர் பிரேசல்டன் 1962-இல் எழுதினார். பகல்நேரக் கட்டுப்பாடு அவர்களுக்குச் சராசரியாக 28.5 மாதத்தில் வந்திருந்தது.

ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் துணி காயாத நம் மாவட்டத்தில் டயாபரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் அதிலுள்ள உறிஞ்சும் பொடி ஈரத்தைக் கூழாக்கிப் பிடித்துக்கொள்வதால், நனைந்ததைப் பிள்ளை உணர்வதில்லை. பகலில் சில மணி நேரமாவது அதைக் கழற்றிவிடலாம்.

அதிகம் கவனிக்க வேண்டியது மலச்சிக்கல். ஒருமுறை மலம் இறுகி வலித்துவிட்டால், பிள்ளை அடுத்த முறை கால்களைப் பின்னிக்கொண்டு அடக்கும். அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் மேலும் நீரை உறிஞ்ச, அது இன்னும் இறுகும். நாளடைவில் மலக்குடல் விரிந்து உணர்வு மழுங்கிப்போக, இறுகியதன் ஓரமாக இளகிய மலம் கசிந்து உடையை அழுக்காக்கும். இதைக் குறும்பு என்று எண்ணி அடிப்பவர்கள் உண்டு, தேவைப்படுவது மருத்துவம்.

உட்காரும் விதமும் முக்கியம். மலக்குடலின் கீழ்ப்பகுதியை ஒரு தசை வார்போல முன்னோக்கி இழுத்து வளைத்து வைத்திருக்கிறது. குந்தி உட்காரும்போது அந்த வளைவு நிமிர்கிறது. பாட்டியின் பாதங்களில் இடுப்பு மடிந்து அமர்ந்த குழந்தைக்கு இது தானாகவே அமைந்தது. உயரமான கழிப்பறை இருக்கையில் கால் தொங்கும் பிள்ளைக்கு, ஊன்றிக்கொள்ள ஒரு முக்காலியோ குறும்பலகையோ போட்டால் போதும்.